டெல்லூரைடு பவர் சீட் ரீகால் லெட்டர் வந்திருக்கு, சீட் நல்லாதான் ஓடுது, காரை வெளியில நிறுத்தியே ஆகணுமா?

சரண்யா_டல்லாஸ்
எல்லாருக்கும் வணக்கம். எங்ககிட்ட 2021 கியா டெல்லூரைடு இருக்கு. போன வாரம் தபால்ல ரீகால் லெட்டர் வந்துச்சு, அதாவது குறை இருக்கற வண்டிய சரி பண்ண கம்பெனியே திரும்பக் கூப்பிடற லெட்டர். முன்சீட்டை முன்னாடி பின்னாடி நகர்த்தற பவர் சீட் மோட்டார் சூடாகி தீப்பிடிக்கலாமாம், சரி பண்ற வரைக்கும் வண்டிய வீட்டை விட்டு தள்ளி வெளியில நிறுத்துங்கன்னு போட்டிருக்கு. எங்க வண்டில சீட் ரெண்டும் நல்லா ஓடுது, இந்த மூணு வருஷத்துல ஒரு தொந்தரவும் வந்ததில்ல.

என் கவலை என்னன்னா இப்ப ஆகஸ்ட் மாசம், இங்க வெயில் 104 அடிக்குது, வெளியில நிறுத்தினா ரெண்டு வயசு பொண்ணோட கார் சீட் பக்கிள் தொட முடியாத அளவுக்கு கொதிக்குது, நேத்து அவ தொடைல பட்டு அழுதுட்டா. இன்னொரு பக்கம் மாமனார் மாமியார் திருநெல்வேலில இருந்து வந்து ஆறு மாசம் தங்கியிருக்காங்க, அவங்க படுக்கறது கராஜுக்கு நேர் மேல இருக்கற கேம் ரூம்லதான். டிரைவ்வேயும் ரொம்ப சின்னது, நிறுத்தினா வண்டி மூக்கு கராஜ் கதவுல இடிக்கற மாதிரி நிக்கும். தெருவுல ராத்திரி நிறுத்த எச்ஓஏ (குடியிருப்பு சங்கம்) விடாது. டீலர்ல கேட்டா மூணு வாரம் கழிச்சுதான் டேட்டாம். சீட்ல ஒரு குறையும் இல்லாதப்போ இவ்வளவு பயப்படணுமா, தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

முருகேசன்_ஹூஸ்டன்
தங்கச்சி, நான் கோயம்புத்தூர்ல பதினோரு வருஷம் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பாத்தவன், இங்கயும் அதே வேலைதான். முதல்ல சொல்லிடறேன், இன்னைக்கு ராத்திரியே வண்டிய கராஜ்ல இருந்து எடுத்துடுங்க, மீதிய அப்புறம் படிங்க.

சீட் நல்லா ஓடுதுங்கறது இதுல ஒரு கணக்கே இல்ல, ஏன்னா மோட்டார் கெட்டுப்போறது பிரச்சனை இல்ல, பக்கவாட்டுல சீட்டை நகர்த்தற அந்த குமிழ் சிக்கிக்கறதுதான் பிரச்சனை. சீட்டோட வெளிப்பக்கம் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும், அதுல எதாவது இடிச்சு கவர் கொஞ்சம் விலகிட்டா குமிழ் அமுங்கின இடத்துலயே நின்னுடும், நடுவுக்கு திரும்பாது. அப்ப சுவிட்ச் உள்ள கான்டாக்ட் விடாது, மோட்டாருக்கு கரண்ட் போய்க்கிட்டே இருக்கும். சீட்டு ரெயில் கடைசிவரை போய் முட்டி நின்ன பிறகும் மோட்டார் விடாம தள்ளப் பாக்கும், சுத்த முடியாம நிக்கற மோட்டார் ஓடற மோட்டாரை விட பல மடங்கு கரண்ட் இழுக்கும், அது அத்தனையும் சூடாத்தான் மாறும். சுத்திப் பாத்தா கார்பெட், ஃபோம், வயர்.

இன்னொன்னு, வண்டி ஆஃப்ல இருக்கும்போது சீட் பட்டனை அமுக்கிப் பாருங்க, நகரும். பவர் சீட்டுக்கு கரண்ட் நேரா பேட்டரில இருந்து வருது, சாவி எடுத்தாலும் நிக்காது. அதனாலதான் நீங்க ஓட்டும்போது மட்டும் இல்ல, கராஜ்ல சும்மா நிக்கும்போதும் ஆபத்துன்னு சொல்றாங்க.

ஒருதடவை வேற கம்பெனி வண்டி ஒண்ணு ஒர்க்‌ஷாப்புக்கு வந்துச்சு, பேர் வேணாம். உள்ள ஏதோ வாடை அடிக்குதுன்னு மட்டும்தான் சொன்னாங்க. சீட்டைக் கழட்டி தலைகீழா கவுத்துப் பாத்தா மோட்டாரை சுத்தி இருந்த பிளாஸ்டிக் மெழுகு மாதிரி உருகி ஒழுகி கார்பெட்ல ஒட்டியிருக்கு, வயர் மேல் தோல் போய் செம்பு தெரியுது. மேல உக்காந்து ஓட்டிக்கிட்டு வந்தவருக்கு ஒண்ணுமே தெரியல. அந்த கார்பெட்டை கையில எடுத்தது இன்னும் மறக்கல எனக்கு.

கார்த்தி_ஆஸ்டின்
முருகேசன் அண்ணன் அனுபவத்தை மதிக்கறேன், ஆனா நம்பரையும் பாக்கணும் இல்லையா. இந்த ரீகால் 2024 ஜூன்ல வந்துச்சு, 2020 முதல் 2024 வரை மாடல், மொத்தம் 4,62,869 வண்டி. அதுல சீட்டுக்கு அடியில தீப்பிடிச்சது 1, உருகினது 6. யாருக்கும் காயம் இல்லன்னு கியா சொல்லியிருக்கு. நாலரை லட்சத்துல ஏழு! குழந்தைய தினம் கொதிக்கற சீட்ல உக்கார வைக்கறது அதைவிட நிச்சயமான தொந்தரவு. நானா இருந்தா குமிழை செக் பண்ணிட்டு கராஜ்லயே வச்சுட்டு டேட் வரைக்கும் காத்திருப்பேன்.

ஜெயந்தி_பிளேனோ
கார்த்தி தம்பி, நம்பர் சரிதான்பா, ஆனா அந்த நம்பர் நாலரை லட்சம் வண்டிக்கு பொது. சரண்யா வீட்டுல கராஜ் மேல ரெண்டு வயசானவங்க தூங்கறாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு கீழ புகை வந்தா அவங்களுக்கு எழுந்திரிக்கவே நேரம் எடுக்கும், முழங்கால் வலியோட மாடிப்படி இறங்கணும். கார் சூடா இருக்கறதுக்கு துண்டு இருக்கு, சன்ஷேடு இருக்கு, பக்கிள் மேல ஒரு ஈரத்துணி போட்டா போதும். தீப்பிடிச்சா அதுக்கு என்ன இருக்கு சொல்லு?

அப்புறம் சீட் ரீகால்னா லேசா நினைக்கறாங்க, பிரேக் மாதிரி ஏர்பேக் மாதிரி அது பெருசு இல்லன்னு. 2014ல ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) நாலு லட்சம் வண்டிக்கு மேல திரும்பக் கூப்பிட்டாங்க, கேமரோ, எஸ்ஆர்எக்ஸ், ஈக்வினாக்ஸ் எல்லாம். சீட்டை உயரம் ஏத்தி இறக்கற அட்ஜஸ்டர் போல்ட் கழண்டு விழுந்து ஓட்டும்போதே சீட் தடால்னு கீழ இறங்கும். நெடுஞ்சாலைல எழுபது மைல்ல போகும்போது கண்ணு திடீர்னு ஸ்டியரிங் மட்டத்துக்கு வந்தா எப்படி இருக்கும்? 2019ல 2017 ஃபோர்டு எக்ஸ்ப்ளோரருக்கு ஒண்ணு வந்துச்சு, பவர் சீட் ஃபிரேம் விளிம்பு கூர்மையா இருந்து சீட்டுக்கும் கன்சோலுக்கும் நடுவுல விழுந்த போனை எடுக்க கைய விட்டவங்களுக்கு வெட்டு, 31 பேர் புகார். 

சரண்யா, உன் வின் நம்பர் (வண்டியோட அடையாள எண்) 17 எழுத்தும் என்எச்டிஎஸ்ஏங்கற அமெரிக்க அரசு சாலைப் பாதுகாப்பு அமைப்போட சைட்ல போட்டுப் பாரு, வேற எதாவது ரீகால் முடிக்காம இருந்தாலும் அங்கயே காட்டும். இதைப் படிக்கற மத்தவங்களும் பாருங்க, முக்கியமா செகண்ட் ஹேண்ட் வாங்கினவங்க, அட்ரஸ் மாறி லெட்டர் பழைய ஓனர் வீட்டுக்கே போயிடும். பழைய கார் விக்கற டீலர் ரீகால் முடிச்சுதான் விக்கணும்னு மத்திய சட்டத்துல கட்டாயம் இல்ல. எங்க அண்ணன் பையன் வாங்கின வண்டில மூணு ரீகால் அப்படியே கிடந்துச்சு.

முருகேசன்_ஹூஸ்டன்
கார்த்தி, குமிழை செக் பண்ணிட்டு கராஜ்ல வைக்கலாம்னு சொன்னீங்க, அது தப்பு. இன்னைக்கு நல்லா இருக்கற குமிழ் நாளைக்கு கதவைத் திறந்து இறங்கும்போது ஒரு கால் பட்டா சிக்கலாம். அந்த கவர் இருக்கற இடமே எல்லாரும் ஏறி இறங்கற வழி.

சரண்யா, டீலர்ல என்ன பண்ணுவாங்கன்னா சுவிட்ச் பின்பக்க கவருக்கு ஒரு பிராக்கெட் போட்டு குமிழை மாத்துவாங்க, காசு கிடையாது. அதுவரைக்கும் சீட்டு தானா நகர்ந்தாலோ, குமிழ விட்டா நடுவுக்கு வராம நின்னாலோ, உக்காரும்போது அடியில சூடு தெரிஞ்சாலோ ஓட்டாதீங்க, நேரா டீலருக்கு போன் பண்ணி டோ பண்ண சொல்லுங்க. லோனர் கார், அதாவது அதுவரைக்கும் ஓட்ட டீலர் தர்ற மாத்து வண்டி, கேட்டுப் பாருங்க, சட்டப்படி தரணும்னு இல்ல, ஆனா "கராஜ் மேல பெரியவங்க படுக்கறாங்க"ன்னு சொல்லிக் கேளுங்க. மேனேஜர்கிட்ட கேளுங்க, போன் எடுக்கற பொண்ணுகிட்ட இல்ல.

கார்த்தி_ஆஸ்டின்
சரிண்ணே, ஒத்துக்கறேன். வண்டி ஆஃப்லயும் கரண்ட் இருக்கும்ங்கறது எனக்கு தெரியாது. நான் ஓட்டும்போது மட்டும்தான்னு நினைச்சேன்.

சரண்யா_டல்லாஸ்
அண்ணா, அக்கா, ரொம்ப ரொம்ப நன்றி. அண்ணன் முதல் பதில் படிச்ச உடனே வீட்டுக்காரர் போய் வண்டிய வெளியில எடுத்துட்டார்.

ஒண்ணு சொல்லணும். நீங்க கவர் இடிக்கும்னு எழுதினதும் டார்ச் எடுத்துட்டுப் போய் பாத்தேன். மாமா பக்கத்து சீட்லதான் உக்காருவார், இறங்கும்போது கைத்தடிய சீட் ஓரமா ஊன்றி எழுந்திரிப்பார். அந்த பிளாஸ்டிக் கவர்ல சரியா குமிழுக்குப் பக்கத்துல நாலஞ்சு இடத்துல வெள்ளையா கோடு விழுந்திருக்கு, தடியோட ரப்பர் தேஞ்ச இடத்துல இருக்கற இரும்பு பட்ட கோடு. குமிழ் இப்போதைக்கு நடுவுக்கு திரும்புது. ஆனா ஆறு மாசமா தினம் கோயிலுக்கும் கடைக்கும் இதுலதான் போயிட்டு வந்திருக்கோம், ராத்திரி அவங்களுக்கு நேர் கீழ நிறுத்தியிருக்கோம், நினைச்சா வயித்தைக் கலக்குது.

எச்ஓஏவுக்கு ரீகால் லெட்டரை ஸ்கேன் பண்ணி அனுப்பினேன், மூணு வாரம் தெருவுல நிறுத்திக்கங்கன்னு சாயங்காலமே பதில் போட்டுட்டாங்க. டீலர் மேனேஜர்கிட்ட அண்ணன் சொன்ன மாதிரியே சொன்னேன், லோனர் இல்லையாம், ஆனா டேட்டை வர்ற வியாழக்கிழமைக்கு மாத்திக் கொடுத்துட்டார். மாமாவை இப்ப பின்சீட்டுல உக்கார வச்சிருக்கோம். பக்கிளுக்கு ஈரத்துணி போட்டுப் பாத்தேன் அக்கா, பொண்ணு அழல.