தாத்தா மனையில் வீடு: எதிலிருந்து ஆரம்பிப்பது?

கேள்வி: கோவில்பட்டி பக்கம் 5 சென்ட் மனை, பத்திரம் தாத்தா பேரில், உயில் கிடையாது. அப்பாவும் இப்போது இல்லை. சித்தப்பா "நீயே கட்டிக்கோப்பா" என்கிறார், அத்தைக்குக் கல்யாணத்திலேயே செய்தாச்சு என்கிறார்கள். அம்மாவோடு இருக்க வீடு கட்டணும், பிளான் போடச் சொல்லிவிடலாமா?

பதில்: பொறுங்க. தாத்தா சுயமாக வாங்கியது என்றால் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்கும் சம பங்கு உண்டு, சீர் செய்ததால் அது போகாது. அத்தையிடம் நேரில் போய்ப் பேசுங்க. மனசார விட்டுக்கொடுத்தால் சித்தப்பா, அத்தை இருவரிடமும் விடுதலைப் பத்திரம் (தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தருவது) பதிந்து, பட்டா மாற்றி, அப்புறம் பிளான். வாய்ச்சொல்லை நம்பி வங்கி கடன் தராது.

பதில்: 5 சென்ட் என்றால் 2178 சதுர அடி. 2500 சதுர அடிக்குள் மனை, 3500க்குள் கட்டடம் என்றால் 2024-லிருந்து சுயசான்று முறையில் (விதிப்படிதான் கட்டுகிறோம் என்று நாமே உறுதி தருவது) ஆன்லைனிலேயே அனுமதி வாங்கலாம்.

பதில்: கரிசல் மண்ணா? கோடையில் விரல் நுழைகிற அளவு வெடிக்கும், மழையில் உப்பும். சாதா வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டிக் கட்டினால் சுவர் கீறிவிடும். மண் பரிசோதனை செய்துவிட்டு அஸ்திவாரத்தை முடிவு பண்ணுங்க, அங்கே மட்டும் காசு பார்க்காதீங்க.

கேள்வி கேட்டவர்: கரிசல்தான். ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு அத்தை வீட்டுக்குப் போகிறேன்.