டிராகன் கதையில் மூழ்கிய 11 வயது மகளுக்கு அடுத்து என்ன வாங்கலாம்?

பெருந்துறை அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு 11 வயது, ஆறாம் வகுப்பு, ஆங்கில வழி. பாடப் புத்தகம் தவிர வேறு எதையும் கையில் எடுக்காத பிள்ளை. போன மாதம் பள்ளி நூலகத்திலிருந்து 'விங்ஸ் ஆஃப் ஃபயர்' என்ற டிராகன் கதையின் முதல் பாகத்தை எடுத்து வந்தாள். படக்கதையாக வந்திருக்கும் பதிப்பு. இரண்டு நாளில் முடித்துவிட்டாள். சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்து, சாம்பார் தெறித்துவிடக் கூடாதென்று இடது கையால் மறைத்துக்கொண்டே படித்தாள். ஒரு புத்தகத்தோடு அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

அடுத்த பாகம் வேண்டும் என்று கேட்டாள். அவள் தாத்தா ஈரோடு போனபோது கடையில் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். கலாம் ஐயாவின் சுயசரிதையைக் கொடுத்துவிட்டார்கள். 'அக்னிச் சிறகுகள்' என்று நாம் படித்தோமே, அதற்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். தாத்தா அதை நீட்டியபோது அவள் முகம் ஒரு நொடி வாடியது, அப்புறம் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். நான்கு பக்கம் படித்துவிட்டுத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். தாத்தா தினமும் "எத்தனாவது பக்கம் வந்திருக்குது கண்ணு?" என்று கேட்கிறார். அவளும் தினமும் ஒரு எண்ணைச் சொல்கிறாள்.

இந்த ஆர்வம் அணைந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. இதே வரிசையைத் தொடரலாமா, சண்டையும் சாவும் அதிகமா? படக்கதையாகவே வாங்கலாமா? அது வாசிப்பே இல்லை என்கிறார் என் கணவர். இது போன்ற வேறு வரிசைகள் எவை? தமிழில் ஏதாவது உண்டா? அவள் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாள். 1500 ரூபாய் வரை செலவு செய்ய முடியும்.

கொள்ளிடக் கரை:

சகோதரி, யோசிக்கவே வேண்டாம், பொன்னியின் செல்வன் கொடுங்கள். ஐந்து பாகம். நாட்டுடைமை ஆன நூல் என்பதால் மலிவுப் பதிப்புகள் நிறையக் கிடைக்கும், இணையத்தில் இலவசமாகவும் இருக்கிறது. ஆடிப் பெருக்கு அன்று வீரநாராயண ஏரிக் கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருவானே, அங்கே பிடித்தது என்னை. பத்தாம் வகுப்பு விடுமுறை முழுக்க நான் வீட்டில் இருந்ததாகவே நினைவில்லை, பழையாறையிலும் கோடிக்கரையிலும்தான் இருந்தேன். நம் பிள்ளைகள் நம் மண்ணின் சாகசக் கதையை முதலில் படிக்கட்டும்.

வகுப்பறை அலமாரி:

வணக்கம் அம்மா. நான் ஒரு நடுநிலைப் பள்ளியில் 19 ஆண்டுகளாக ஆங்கில ஆசிரியை. வகுப்பறையின் பின்பக்கம் ஒரு பழைய இரும்பு அலமாரியில் புத்தகங்கள் வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்து வருகிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏழாம் வகுப்பு, வரிக்குக் கீழே விரல் வைத்துத்தான் படிப்பான். 'ஹவ் டு ட்ரெயின் யுவர் டிராகன்' முதல் புத்தகத்தை அவனாகவே எடுத்தான், படம் பார்த்திருந்தானாம். கிரெசிடா கவல் எழுதியது. அதில் வரும் பெயர்கள் எல்லாம் வைக்கிங் பெயர்கள், வாயில் நுழையாது. போதாக்குறைக்கு டிராகன்களுக்குத் தனி மொழி வேறு. கோடு போட்ட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, யார் யாருக்கு அப்பா, எந்த டிராகன் யாருடையது என்று பென்சிலில் எழுதி, நான்காக மடித்துப் பக்க அடையாளமாக வைத்துக்கொண்டான். முதல் 30 பக்கத்துக்கு 11 நாள் ஆனது. விட்டுவிடுவான் என்றே நினைத்தேன். புத்தகத்தை முடித்த அன்று இரண்டாம் பாகம் கேட்டான். கொடுத்ததும் அந்தத் தாளைப் பிரித்து மேசைமேல் வைத்து நீவிவிட்டு, "மிஸ், இவங்க எல்லாரையும் எனக்கு ஏற்கெனவே தெரியும்" என்றான். அந்த இரண்டாம் பாகம் நான்கே நாள்.

படிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு ஒரு புதிய புத்தகத்தில் கஷ்டம் எல்லாம் ஆரம்பத்தில்தான் இருக்கிறது. புது ஊர், புது ஆட்கள், யார் நல்லவர் யார் கெட்டவர், கதை சொல்பவரின் பேச்சு நடை, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பழகியாக வேண்டும். தனித்தனியாகப் பத்து நல்ல புத்தகம் வாங்கிக் கொடுத்தால் அந்தக் கஷ்டத்தைப் பத்து முறை படுகிறது. வரிசையாக வரும் கதையில் ஒரு முறைதான். அதனால் எந்தப் புத்தகம் சிறந்தது என்று தேடாதீர்கள். அவள் ஏற்கெனவே யாரையெல்லாம் அறிந்து வைத்திருக்கிறாளோ அவர்களிடமே அவளை அனுப்புங்கள்.

அதாவது, விங்ஸ் ஆஃப் ஃபயர் இரண்டாம் பாகத்தை உடனே வாங்குங்கள். படக்கதையாகவே வாங்குங்கள். காத்திருக்கும் பிள்ளையைக் காக்க வைத்தால் ஆர்வம் ஆறிப் போகும். கடையில் 'டூயி சதர்லேண்ட் எழுதியது, இரண்டாம் பாகம், தி லாஸ்ட் ஏர், படக்கதைப் பதிப்பு' என்று தாளில் எழுதிக் கொடுங்கள். முதல் 15 பாகங்கள் ஐந்தைந்தாக மூன்று பெரிய கதைகள். முதல் ஐந்தில் ஐந்து குட்டி டிராகன்கள், ஒவ்வொரு பாகமும் ஒரு குட்டியின் பார்வையில் போகும். இரண்டாவது, கடல் டிராகனான சுனாமியின் கதை. ஐந்தாம் பாகத்தில் ஒரு முடிவு வந்துவிடும், அங்கே தாராளமாக நிறுத்தலாம்.

படக்கதை வாசிப்பு இல்லை என்று சொல்லும் உங்கள் வீட்டுக்காரரிடம் ஒன்று சொல்லுங்கள். அதே கதை எழுத்து வடிவத்திலும் இருக்கிறது, உண்மையில் அதுதான் 2012இல் முதலில் வந்தது, படக்கதை பிறகுதான். இரண்டாம் பாகத்தைப் படமாகப் படித்த பிறகு மூன்றாம் பாகத்தை எழுத்தில் கொடுங்கள். ஆட்கள் தெரிந்தவர்கள், அவர்களின் முகமும் நிறமும் மனதில் இருக்கின்றன, எழுத்து பயமுறுத்தாது.

சண்டை, சாவு உண்டு, அதை மறைக்க மாட்டேன். போர் நடக்கும் உலகம் அது. முதல் பாகத்திலேயே ஒரு ராணி கைதிகளை அரங்கில் மோதவிட்டு வேடிக்கை பார்க்கிறாள். உங்கள் மகள் அதைப் படமாகவே பார்த்துவிட்டாள், அம்மா. அந்த இடம் எப்படி இருந்தது என்று அவளிடமே கேளுங்கள். இராத்திரி தூக்கம் கெட்டிருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

வேறு வரிசை என்றால் மேலே சொன்ன அந்த வைக்கிங் வரிசையைத்தான் முதலில் சொல்வேன். 12 பாகம், 2003இல் தொடங்கி 2015இல் முடிந்தது. சினிமாவில் வரும் பெரிய கறுப்பு டிராகனை எதிர்பார்த்துப் போகக் கூடாது. புத்தகத்தில் டூத்லெஸ் சின்னஞ்சிறுசு, பல்லும் கிடையாது, சொன்ன பேச்சும் கேட்காது. எழுதிய கிரெசிடா கவல் சிறுவயதுக் கோடைகாலங்களை ஸ்காட்லாந்துக்கு மேற்கே, ஆள் இல்லாத ஒரு சின்னத் தீவில் கழித்தவர். மழையும் காற்றும் பாறையும் அதனால்தான் அவ்வளவு உயிரோடு வருகின்றன. மை கொட்டிய மாதிரி அவரே வரைந்த கிறுக்கல் படங்கள் பக்கத்துக்குப் பக்கம் இருக்கும். படக்கதையிலிருந்து எழுத்துக்கு வரும் பிள்ளைக்கு அது நல்ல பாலம்.

'பெர்சி ஜாக்சன்' அடுத்த ஆண்டுக்கு. ரிக் ரியோர்டன் பள்ளி ஆசிரியராக இருந்தவர். எழுத்துகள் குழம்பித் தெரிகிற, ஓர் இடத்தில் உட்கார முடியாத தன் மகனுக்குத் தூங்கும் முன் சொன்ன கதை அது. கதையில் வரும் பையனுக்கும் அதே சிரமங்கள். என் வகுப்பில் 'கவனம் போதாது' என்று ரிப்போர்ட் கார்டில் எழுதப்பட்ட பிள்ளைகள் அந்தப் புத்தகத்தைத் திருப்பித் தரும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். கிரேக்கப் புராணம் தெரியாதே என்று கவலைப்பட வேண்டாம், போகப் போகக் கதையே சொல்லிக் கொடுக்கும்.

மகாபாரதம் சொல்லும் தாத்தா வீட்டில் இருந்தால் ரோஷனி சோக்ஷியின் 'ஆரு ஷா' வரிசையும் உண்டு, ஐந்து பாகம். பாண்டவர்களின் ஆன்மாக்கள் இந்தக் காலத்துப் பிள்ளைகளாகப் பிறந்து வருகின்றன, ஆரு அட்லாண்டாவில் ஓர் அருங்காட்சியகத்தில் வளரும் பெண். ஆரம்பம் கொஞ்சம் அமெரிக்கப் பேச்சாக இருக்கும், அதைத் தாண்டிவிட்டால் ஓடும்.

நார்னியா ஏழு பாகம். கடையில் தொகுப்பாக வாங்கினால் 'தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ' முதல் எண்ணோடு இருக்கும். அதை ஒதுக்கி வைத்துவிட்டு, லூசி என்ற சிறுமி அலமாரிக்குள் நுழையும் கதையான 'தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்'இலிருந்தே தொடங்குங்கள். 1950இல் முதலில் வந்தது அதுதான். நார்னியா என்றால் என்னவென்று தெரியாமல் லூசியோடு சேர்ந்து கோட்டுகளை விலக்கிக்கொண்டு பனியில் கால் வைக்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்தைப் பிள்ளையிடமிருந்து பறிக்கக் கூடாது.

கொள்ளிடக் கரை ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை, எனக்கும் உயிரான நூல் அது. ஆனால் எழுத்துக் கூட்டும் பிள்ளையிடம் அதைக் கொடுத்தால் ஏரிக் கரையைத் தாண்டாது. யாராவது வாசித்துக் காட்டலாம், அதுதான் வழி. தனியாகப் படிக்க 14 வயது ஆகட்டும்.

பழைய ராணுவப் பெட்டி:

டீச்சர் சொன்னதற்கு நானே சாட்சி. என் அப்பா பெட்டியில் சேர்த்து வைத்திருந்த முத்து காமிக்ஸில்தான் நான் தமிழே ஒழுங்காகப் படித்தேன். 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. சிவகாசியிலிருந்து லயன், முத்து இரண்டும் இன்றும் வருகின்றன. பாப்பாவுக்கு லக்கி லூக் வாங்கிக் கொடுங்கள், தமிழ் வசனம் சின்னச் சின்னதாக, படத்தோடு இருக்கும். கூட்டிப் படித்தாலும் சிரிப்பு வரும் இடத்தில் சிரிப்பு வந்துவிடும்.

பெருந்துறை அம்மா:

டீச்சர், உங்கள் பதிலை என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இரண்டாம் பாகத்துக்கு அவரே பணம் கட்டிவிட்டார். தமிழில் என்ன வாங்கலாம் என்பதையும் கொஞ்சம் சொல்லுங்கள். லக்கி லூக் குறித்துக்கொண்டேன், நன்றி அண்ணா.

வகுப்பறை அலமாரி:

தமிழில் மாயாஜாலக் கதைகள் நீண்ட வரிசையாகக் கிடைப்பது குறைவுதான், அம்மா. எனக்கு அதில் நிறைய வருத்தம் உண்டு. தனி நூல்களில் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' நன்றாக இருக்கும். கீழடிப் பானை ஓடுகளில் 'ஆதன்' என்ற பெயர் கிடைத்ததல்லவா, அங்கிருந்து பழங்காலத்துக்குள் நுழையும் கதை. சின்னப் புத்தகம். 2023இல் பால சாகித்திய புரஸ்கார் வாங்கியது. ஜெயமோகனின் 'பனிமனிதன்' இமயமலைச் சாகசம், பெரியது, இரண்டு ஆண்டு கழித்துப் போதும்.

வரிசையாகத்தான் வேண்டும் என்றால் சத்யஜித் ராயின் ஃபெலுடா. மாயாஜாலம் இல்லை, துப்பறியும் கதை. வீ.பா. கணேசன் வங்கக் கதைகளைத் தமிழில் தந்திருக்கிறார், பாரதி புத்தகாலயத்தில் சிறு சிறு நூல்களாகக் கிடைக்கும். ஃபெலுடாவின் தம்பி முறையான தோப்ஷே என்ற பையன்தான் கதை சொல்வான். எல்லாக் கதையிலும் அதே ஆட்கள், எங்கே வேண்டுமானாலும் தொடங்கலாம். 'தங்கக் கோட்டை'யில் தொடங்குங்கள். முன் ஜென்மத்தில் ஒரு கோட்டையைப் பார்த்ததாகச் சொல்லும் சிறுவனைத் தேடி ராஜஸ்தானுக்குப் போகிற கதை. முதல் கொஞ்சப் பக்கங்களை மட்டும் பெரியவர் யாராவது வாசித்துக் காட்டுங்கள். நல்ல இடம் பார்த்து நிறுத்திவிடுங்கள்.

பெருந்துறை அம்மா:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். சுனாமியின் கதை வந்த அன்றே பாதி முடிந்தது. மூன்றாம் பாகம் எழுத்துப் புத்தகமாக வாங்கினோம். மெதுவாகத்தான் போகிறது, ஆனால் போகிறது. நேற்று 60ஆம் பக்கம்.

தங்கக் கோட்டையை தாத்தாவிடம் கொடுத்தேன். இராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கட்டிலில் உட்கார்ந்து சத்தமாக வாசிக்கிறார், அவள் பக்கத்தில் சாய்ந்துகொண்டு வரியைப் பார்த்துக்கொண்டே கேட்கிறாள். "மிச்சம் நாளைக்கு" என்று அவர் மூடிவிடுவார். முந்தாநாள் காலை ஆறு மணிக்குப் பால் வாங்க எழுந்தால், திண்ணையில் ஸ்வெட்டரோடு உட்கார்ந்து அடுத்த பகுதியைக் கூட்டிக் கூட்டிப் படித்துக்கொண்டிருக்கிறாள். 'ஜெய்சல்மேர்' என்ற பெயரில் மூன்று முறை தடுக்கி, நான்காவது முறை முழுதாகச் சொன்னாள். நான் பார்த்ததை அவளிடம் சொல்லவில்லை.

கலாம் புத்தக விஷயத்தை அவளே தாத்தாவிடம் சொல்லிவிட்டாள். அவர் அதை வாங்கிக்கொண்டு போய்த் தன் தலைமாட்டில் வைத்திருக்கிறார். இப்போது தினமும் எத்தனாவது பக்கம் என்று கேட்பது அவள்.

ஃபெலுடாவில் அடுத்து எது வாங்கலாம், டீச்சர்? இன்னும் இரண்டு நாளில் இது முடிந்துவிடும்.