பனியன் கம்பெனியில் கார்ட்டூன் போர்டு: யார் வரைவது, எப்படி மாட்டுவது?

நூல்கண்டு:
வணக்கம். திருப்பூர்ப் பக்கம் ஒரு ஏற்றுமதி யூனிட்டில் எச்ஆர் பார்க்கிறேன். 380 பேர். தையலில் பெண்கள்தான் அதிகம். கட்டிங், பேக்கிங்கில் ஒடிசா, பீகார் பையன்கள். சுவர் முழுக்க பையர் (எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனம்) அனுப்பிய ஆங்கில போஸ்டர்கள், யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. மாதம் 2 கார்ட்டூன் மாட்டலாம் என்று முதலாளி ஒத்துக்கொண்டார். முதல் விஷயம், ஊசி உடைந்தால் என்ன செய்வது. சாம்பிள் செக்‌ஷனில் இருக்கும் ஒரு தம்பி நன்றாக வரைவார். அவரையே வரையச் சொல்லலாமா, வெளியே கொடுப்பதா? என்ன அளவு, எங்கே மாட்டுவது, வரைகிறவருக்குக் காசு எப்படி? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மைக்கூடு:
ஊசியில் ஆரம்பிப்பது நல்லதுதான், ஆனால் அதுதான் இருப்பதிலேயே கஷ்டமான படம். விதி எல்லாருக்கும் தெரியும்: மெஷினை நிறுத்து, எல்லாத் துண்டையும் தேடி எடு, ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டு, பிறகுதான் புது ஊசி. தெரிந்தும் ஏன் மறைக்கிறார்கள்? பீஸ் ரேட்டில் (தைத்த எண்ணிக்கைக்குக் கூலி) தேடுகிற நேரம் தைக்கிறவர் தலையில் விழுகிறது, கூடவே சூப்பர்வைசரிடம் திட்டு. படம் தொட வேண்டிய இடம் அந்தப் பயம். விதியை மறுபடி ஒப்பித்தால் அது இன்னொரு போஸ்டர், அவ்வளவுதான்.

4 கட்டம் போதும். முதல் கட்டத்தில் ஊசி முறிகிறது, அக்கா கால் பெடலை விட்டுவிட்டார். இரண்டில் அவர் கையைத் தூக்க, சூப்பர்வைசர் காந்தத்தோடு வருகிறார். முகத்தில் கோபம் வேண்டாம், சிரிப்பும் வேண்டாம், சாதாரணமாக இருக்கட்டும். மூன்றில் இருவரும் குனிந்து தேடுகிறார்கள். நகைச்சுவையை இங்கே வையுங்கள். பக்கத்து மெஷின் அக்கா, தையலுக்கு உதவும் கைமடிப் பையன், தண்ணீர் குடிக்க வந்தவர் என்று ஆளாளுக்குத் தரையில் தவழலாம். நான்கில் ரிஜிஸ்டர் பக்கம், துண்டுகள் சேர்ந்து முழு ஊசியாகத் தெரிகின்றன. முனைத் துண்டை மட்டும் பெரிதாக வரையச் சொல்லுங்கள், குழந்தைத் துணிக்குள் போய்விடுவது அதுதான்.

தவறான செயலைப் பெரிதாக வரைந்து மேலே சிவப்பு × போடுகிற பழக்கத்தை விடுங்கள். தூரத்தில் இருந்து × தெரியாது, படம் மட்டும் தெரியும். பார்க்கிறவர் அதையே சரி என்று எடுத்துக்கொள்வார். தவறைக் காட்டியே ஆக வேண்டுமென்றால் ஓரத்தில் சின்னதாக. கட்டங்களுக்கு 1, 2, 3, 4 என்று எண் போட மறக்காதீர்கள். பக்கம் வாசித்துப் பழகாதவருக்கு எந்தக் கட்டம் முதல் என்பது தானாகப் புரியாது.

பென்சில் நிலையிலேயே சோதித்துவிடுங்கள். எழுத்தை மறைத்துவிட்டு 5 பேரிடம் தனித்தனியாக "இதில் என்ன நடக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். "புரியுதா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள், பிரயோஜனம் இல்லை. 5 பேரில் 2 பேராவது ஒடியா, இந்தி பேசுகிறவர்களாக இருக்கட்டும். 4 பேர் கதையைச் சரியாகச் சொன்னால் மை போடலாம். இல்லாவிட்டால் படத்தை மாற்றுங்கள், எழுத்தைக் கூட்டாதீர்கள்.

அச்சுப்பிழை:
அச்சு விஷயம் நான் சொல்கிறேன்.

அளவு ஏ3. 300 டிபிஐயில் 3508 × 4961 பிக்சல், அதற்கு மேல் நான்கு பக்கமும் 3 மி.மீ. பிளீட் (வெட்டும்போது போகிற கூடுதல் ஓரம்). 170 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர் போதும், ஆனால் லேமினேஷன் மேட்தான் வேண்டும். பளபளப்பு லேமினேஷனில் டியூப்லைட் விழுந்து பாதிப் படம் வெள்ளையாகத் தெரியும். திரையில் மின்னும் பச்சையும் ஆரஞ்சும் சிஎம்ஒய்கே-க்கு (அச்சு மையின் நான்கு வண்ண முறை) மாற்றியதும் மங்கிவிடும்; முதலிலேயே சிஎம்ஒய்கே-யில் வண்ணம் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கறுப்போடு ஒரே ஒரு வண்ணம். என் கணக்கில் இரண்டாவதுதான் சிறப்பு.

எழுத்து 12 சொல்லுக்குள் இருக்கட்டும். 2 மீட்டர் தூரத்தில் படிக்க எழுத்து உயரம் 1 செ.மீ.க்குக் குறையக்கூடாது. ண, னை, றி மாதிரி வளைவு நெருக்கமான எழுத்துகள் சின்னதானால் திட்டுத் திட்டாக அப்பிக்கொள்ளும்.

எல்லாரும் மாட்டுகிற குழி ஒன்று: போட்டோஷாப்பில் யூனிகோட் தமிழை ஒட்டினால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். "பெண்" என்பது படிக்கவே முடியாமல் போகும். டைப் செட்டிங்கில் தெற்காசிய எழுத்துக்கான டெக்ஸ்ட் எஞ்சினைத் தேர்ந்தெடுங்கள் (புதிய பதிப்புகளில் வேர்ல்ட்-ரெடி என்று இருக்கும்). அச்சகத்துக்கு அனுப்பும் முன் எழுத்தை அவுட்லைன் ஆக்கி (ஃபான்ட் தேவைப்படாத வெறும் வடிவமாக மாற்றி) பிடிஎஃப் கொடுங்கள். அங்கே பழைய ஃபான்ட் முறையில்தான் வேலை நடக்கும், உங்கள் ஃபைலைத் திறந்தால் கட்டம் கட்டமாக வரும்.

மாட்டும் இடம், ஆள் நிற்கிற இடம். பஞ்சிங் மெஷின் வரிசை, கேன்டீனில் கை கழுவும் இடம், தண்ணீர்க் குழாய். ஓடுகிற மெஷின் எதிரே வேண்டாம், கண் விலகினால் விரல் போகும். படத்தின் நடு தரையிலிருந்து 145 செ.மீ.; உங்களிடம் பெண்கள் அதிகம், அதற்கு மேலே ஏற்றாதீர்கள். 15 நாளில் கழற்றிவிடுங்கள். மூலையில் கழற்றும் தேதியை எழுதி வைத்தால் அது நடக்கும், இல்லாவிட்டால் அடுத்த தீபாவளி வரை தொங்கும்.

நூல்கண்டு:
ரொம்ப நன்றிங்க. தம்பி இன்றைக்கே ஒரு மாதிரி வரைந்து காட்டினார். தொப்பை, முறுக்கு மீசையோடு ஒரு சூப்பர்வைசர் கத்துகிறார். ஆபீஸில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். யார் என்று பார்த்ததுமே தெரிகிறது. போடலாமா?

தறிக்கால்:
போடாதீங்க. நாலு நாளில் அந்தத் தம்பியின் ஓவர்டைம் குறையும், ஏன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆளைக் கிண்டல் செய்யாமல் நிலைமையைக் கிண்டல் செய்யச் சொல்லுங்கள். ஷிப்மென்ட் நாள், டீ வண்டி, காணாமல் போகும் கத்தரிக்கோல், இதிலேயே ஒரு வருஷத்துக்குச் சரக்கு இருக்கிறது. தைக்கிறவரை மக்காகக் காட்டுவதும் கூடாது. அமெரிக்க ராணுவத்துக்கு வில் ஐஸ்னர் என்ற காமிக்ஸ் ஓவியர் ஜோ டோப் என்ற தப்பும் தவறுமான சிப்பாயை வரைந்து வண்டிப் பராமரிப்பு சொல்லிக்கொடுத்தார். 1951-இல் தொடங்கிய அவர்களுடைய பராமரிப்பு மாத இதழையும் 20 வருஷம் பார்த்துக்கொண்டார். அங்கே அது செல்லுபடியாகும், சிப்பாய்க்குப் பீஸ் ரேட் கிடையாது. உங்கள் தளத்தில் மக்குப் பாத்திரம் கறுப்பாகவோ, வடக்கத்திப் பையன் சாயலிலோ இருந்தால் கதை முடிந்தது. நிறம், பொட்டு, திருநீறு, கயிறு, பேச்சு வழக்கு எல்லாவற்றையும் அச்சுக்கு முன் ஒருமுறை பாருங்கள்.

பெண் பாத்திரம் வரும் படத்தை, பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டப்படி அமைத்த உள்ளகக் குழுவில் இருக்கும் ஒரு பெண் உறுப்பினரிடம் முதலில் காட்டிவிடுங்கள். 5 நிமிஷ வேலை.

மைக்கூடு:
வரைகிறவர் யார், காசு எப்படி என்ற கேள்வி அப்படியே நிற்கிறதே. தம்பியே வரையட்டும், தளம் அவருக்குத் தெரியும். பவர் டேபிளின் (தையல் மெஷின் மேசை) கால் எப்படி இருக்கும் என்று வெளியாளுக்கு 10 போட்டோ அனுப்ப வேண்டி வரும். ஆனால் "வேலை முடிந்ததும் வீட்டில் போட்டுட்டு வா" என்று சொல்லாதீர்கள். 4 கட்டப் படம் யோசனை முதல் மை வரை முழுதாக ஒரு நாள் பிடிக்கும். அந்த ஒரு நாளைச் சம்பளத்தோடு ஒதுக்குங்கள், அல்லது படத்துக்கு இவ்வளவு என்று தனியாகக் கொடுங்கள்.

உரிமையை எழுத்தில் வையுங்கள். பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம் 1957-இன்படி வேலையின் பகுதியாக வரைந்தது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குச் சொந்தம். சாம்பிள் செக்‌ஷன் ஆள் கார்ட்டூன் வரைவது வேலையின் பகுதியா? அங்கேதான் சண்டை வரும். ஒரு பக்கக் கடிதம் போதும்: எந்தப் படங்கள், எங்கே பயன்படுத்தலாம், எத்தனை வருஷம், எவ்வளவு பணம், இருவர் கையெழுத்து. வெளியாளிடம் வாங்கினாலும் இதேதான். உரிமையை எழுதி வாங்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருஷம் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். நாளைக்கு ஜெர்மனி பையர் தன் ஆண்டறிக்கையில் படத்தைப் போட ஆசைப்பட்டால் அங்கே இடிக்கும். வெளியாளுக்கு பென்சில் முடிந்ததும் பாதிப் பணம், 2 திருத்தம் வரை இலவசம் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

தம்பிக்கும் ஒரு வார்த்தை. இதை வைத்து வெளியே வேலை தேடலாம் என்று கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்து வாங்கிக்கொள்ளட்டும்: போர்ட்ஃபோலியோவில் (தன் வேலைகளின் மாதிரித் தொகுப்பு) காட்ட அனுமதி. பத்திரிகை வாசல் மட்டுமே வாசல் இல்லை. விகடனில் வரைந்த கோபுலுவே பிறகு விளம்பரத்துறைக்குப் போய் 1972-இல் ஆட்வேவ் என்று சொந்த நிறுவனம் தொடங்கினார். போர்ட்ஃபோலியோவில் 12 படம் போதும். ஒவ்வொன்றின் கீழும் "இந்தப் பிரச்சினைக்காக, இந்த இடத்தில் மாட்டியது" என்று 2 வரி இருந்தால் ஏஜென்சிக்காரர் நின்று படிப்பார். அசலை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்துவிட்டு மடிக்காமல் ஃபைலில் வைக்கச் சொல்லுங்கள். படத்தின் மூலையில் அவர் பெயர் கண்டிப்பாக வரட்டும், லேஅவுட் செய்கிறவர் அதை வெட்டிவிடாமல் ஓரத்திலிருந்து 1 செ.மீ. உள்ளே.