கலைச்சொல் வேண்டும்: லாரி டிஃப்ரன்ஷியலுக்குத் தமிழில் என்ன? (வெள்ளிக்குள்)

பீன்யா, பெங்களூரு. திங்கள் இரவு

அனைவருக்கும் வணக்கம். இங்கே லாரிப் பட்டறைகளில் வேலை பழகும் பையன்களுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். எல்லாரும் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம். பேச்சில் கன்னடம் வந்துவிட்டது, எழுத்துக்கூட்டிப் படிப்பது தமிழில்தான். பின்னச்சில் சத்தம் வரும் லாரியை எப்போது பழுது பார்க்கலாம், எப்போது மாற்றியே ஆகவேண்டும் என்று சுவரில் மாட்ட ஓர் அட்டை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. முதல் சொல்லிலேயே நிற்கிறேன். பின்னச்சின் நடுவில் இருந்து, எஞ்சின் விசையை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃப்ரன்ஷியலை என்னவென்று எழுத?

ஏன் இத்தனை அவசரம் என்று சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஒரு பட்டறையில், தெரிந்த டிரைவர் ஒருவரிடம் "டிஃப்ரன்ஷியல் போச்சு" என்று சொல்லி முழுவதையும் மாற்ற வைத்துவிட்டார்கள். கழற்றிய பழையதை வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். பினியன் என்ற சிறு பற்சக்கரத்தின் பேரிங் மட்டும்தான் தேய்ந்திருந்தது. அது சுழற்றும் பெரிய பற்சக்கரமான கிரவுனில் ஒரு பல்லுக்கும் கேடில்லை. அவர் கொடுத்த பணத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

அல்சூர், பெங்களூரு. செவ்வாய் காலை

தம்பி, நல்ல வேலை செய்கிறீர்கள். டகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது. ஆகவே இப்போதுள்ள சொல்லை அப்படியே விட மனம் ஒப்பவில்லை. 'ஒப்புரவி' என்று வைக்கலாம். இரு சக்கரத்துக்கும் ஒத்துப் பகிர்ந்து கொடுப்பது அதன் வேலை. ஒப்புரவு அறிதல் என்று குறளில் ஓர் அதிகாரமே இருக்கிறது.

வண்டிச் சொற்களில் நாம் ஏழைகள் அல்லர். சகடம், சாகாடு, ஆரம், குறடு, நுகம், அச்சாணி எல்லாம் பழையவை. "பீலிபெய் சாகாடும் அச்சிறும்" என்ற குறளை லாரிக்காரர் யாரும் மறுக்க மாட்டார். மயிலிறகே ஆனாலும் அளவு மீறினால் அச்சு முறியும். புறநானூறு 102இல் ஔவையார் உமணரை, அதாவது உப்பு வணிகரைப் பற்றிச் சொல்கிறார். பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் என்ன ஆகுமோ என்று, வண்டியின் கீழ்மரத்தில் 'சேம அச்சு', அதாவது மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போவார்களாம். அதியமான் மகன் பொகுட்டெழினிக்கு அதை உவமையாக்கினார். சேமம் என்பதன் வேர் பற்றித் தனியாக எழுதுகிறேன், அது நீளும்.

மாட்டுங்கா, மும்பை. செவ்வாய் மதியம்

ஐயா, ஒப்புரவி செவிக்கு இனிது. ஆனால் டிஃப்ரன்ஷியல் என்ற பெயரிலேயே உள்ள 'வேறுபாடு' அதில் விடுபட்டுப் போய்விடுகிறது. இரு பக்கமும் முறுக்குவிசை ஏறக்குறைய சமமாகத்தான் போகிறது, உண்மை. ஆனால் வளைவில் வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும், உள்சக்கரம் குறைவாக. அந்த வேறுபாட்டுக்கு இடம் கொடுக்கத்தான் இந்தக் கருவியே பிறந்தது. இரு சக்கரச் சுற்றுகளையும் கூட்டினால் கிரவுன் சுற்றுப்போல் இரண்டு மடங்கு வரும், ஒன்று கூடினால் மற்றது குறையும்.

கணிதத்தில் புழங்கும் வகையீடு, வகைக்கெழு பக்கம் போகவே வேண்டாம். சொல் ஒன்றாக இருந்தாலும் அங்கே பொருள் வேறு. என் முன்மொழிவு 'வேகப்பிரிப்பி'.

யஷ்வந்த்பூர், பெங்களூரு. செவ்வாய் இரவு

நான் மூன்று லாரி வைத்திருப்பவன், நாமக்கல்காரன். ஆசிரியர் ஐயா மேல் மரியாதை உண்டு. ஆனால் ஜே.சி. ரோட்டில் போய் ஒப்புரவி கொடு என்றால் கடைக்காரர் எதை எடுப்பார்? கிரவுன் செட் என்றால் எடுப்பார். கிரவுனும் பினியனும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று உரசிப் பொருத்தி வருகிற ஜோடி. ஒன்றை மட்டும் மாற்றினால் சில நாளில் ஊளை எழும். பினியனில் 6 பல், கிரவுனில் 41 பல் என்றால் அதே கணக்குச் செட்டைத்தான் திரும்பப் போட வேண்டும். பல் எண்ணாமல் குஜிரியில் (பழைய சாமான் கடையில்) வாங்கி அவதிப்பட்டவன் நான்.

இன்னொன்று. அட்டையில் பேக்லாஷுக்கு, அதாவது பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள சிறு இடைவெளிக்கு, எதையாவது புதிதாகச் செய்துவிடாதீர்கள். 'ஆட்டம்' என்று எல்லா மெக்கானிக்கும் சொல்கிறான், அதைவிடத் தமிழ் எது?

பீன்யா. புதன் இரவு

அண்ணே, உங்கள் மெயிலைப் படித்ததும்தான் எனக்கே ஒன்று தெளிந்தது. நாம் ஒரு பொருளுக்குச் சொல் தேடவில்லை, மூன்று பொருளை ஒரே சொல்லால் அழைத்துக்கொண்டிருக்கிறோம். கிரவுன் பினியன் ஜோடி ஒன்று. கிரவுனோடு சேர்ந்து சுற்றும் சிறு கூண்டுக்குள்ளே நான்கு குட்டிப் பினியன்களும் இரண்டு பக்கப் பற்சக்கரங்களும் இருக்கின்றன, வேகம் பிரிப்பது அது மட்டும்தான். இவற்றையெல்லாம் தாங்கி நிற்கும் வார்ப்புக் கூடு மூன்றாவது. மூன்றையும் டிஃப்ரன்ஷியல் என்று சொல்வதால்தான், ஒரு பேரிங் போனாலும் 'மொத்தமும் போச்சு' என்று ஒருவனால் சொல்ல முடிகிறது.

ஆகவே அட்டையை இப்படி எழுதியிருக்கிறேன்:

"ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது மட்டும், அல்லது விடும்போது மட்டும் ஊளைச் சத்தம் வந்தால் கிரவுன் பினியனைப் பார். வளைவில் மட்டும் கடகடத்தால் வேகப்பிரிப்பி. எந்நேரமும் உறுமினால் பேரிங். ஆயிலை வடித்துக் காந்தத்தைப் பார். மாவு போல் ஒட்டினால் தேய்மானம், சில்லு சில்லாக வந்தால் பல் உடைந்திருக்கிறது, வண்டியை ஓட்டாதே. பல் நன்றாக இருந்து பேரிங், சீல், வாஷர் மட்டும் போயிருந்தால் பழுது பார். பல் உடைந்தாலோ முகம் பெயர்ந்தாலோ ஜோடியாக மாற்று. கூடு வெடித்தாலோ பேரிங் உட்காரும் இடம் தேய்ந்து தளர்ந்தாலோ முழுவதையும் மாற்று. திரும்பக் கட்டும்போது டயல் கேஜ் வைத்து ஆட்டம் அள, பல்லில் சாயம் தடவித் தடம் பார்."

பழுது பார்ப்பது என்றால் முதலில் பழுதைப் பார்ப்பதுதானே. பிரிக்காமலே மாற்றச் சொல்பவரிடம் பையன்கள் அதைக் கேட்க வேண்டும்.

அல்சூர். வியாழன் காலை

அட்டை தெளிவாக இருக்கிறது. ஆனால் பிரிப்பி, பகிர்வி, இயக்கி என்று எதற்கும் ஓர் இகரத்தை ஒட்டிக் கலைச்சொல் ஆக்குவது எனக்கு உடன்பாடில்லை. ஒப்புரவியும் அப்படித்தானே என்பீர்கள். அதற்கு இரண்டாயிரம் ஆண்டு வேர் இருக்கிறது. பிரிப்பது உறவைக் கெடுக்கும் வினை. வளைவில் விட்டுக்கொடுத்து, நேர்ச்சாலையில் சேர்ந்து ஓடும் ஒன்றுக்கு அந்தப் பெயர் தகாது.

மாட்டுங்கா. வியாழன் மதியம்

ஐயா, பதினெட்டு வயதுப் பையன் 'வேகப்பிரிப்பி' என்று படித்தால், அது என்ன செய்கிறது என்று பாதியாவது ஊகிப்பான். ஒப்புரவியை அவனுக்கு விளக்கிச் சொல்ல நீங்கள் பட்டறையில் இருக்க மாட்டீர்கள்.

யஷ்வந்த்பூர். வியாழன் இரவு

சரி, வேகப்பிரிப்பி போடுங்கள், பக்கத்திலேயே டிஃப்ரன்ஷியல் என்றும் போடுங்கள். அப்புறம் ஒரு யோசனை. பழுதா மாற்றா என்ற இரண்டு மட்டும் வழியல்ல. நான் ஷெட்டில் உள்ளே எல்லாம் பூட்டிய ஒரு கூட்டைப் பல் அளவெல்லாம் சரிசெய்து தயாராக வைத்திருப்பேன். வண்டி வந்தால் அதை மாட்டி அனுப்பிவிட்டு, கழற்றியதை நிதானமாகப் பார்ப்போம். லாரி நின்றால் நாள் வாடகை போகும், அந்த அவசரத்தில்தான் ஆட்டம் பார்க்காமல் கட்டிவிடுகிறார்கள். இதற்குத் தமிழ் சொல்லுங்கள், அதுவும் அட்டையில் வரட்டும்.

பீன்யா. வெள்ளி காலை

அச்சுக்கு அனுப்பிவிட்டேன். வேகப்பிரிப்பி (டிஃப்ரன்ஷியல்), கிரவுன், பினியன், ஆட்டம், கூடு. அண்ணன் சொன்ன தயார் கூட்டுக்கு 'சேமக்கூடு' என்று எழுதினேன். ஆசிரியர் ஐயா, அது உங்கள் உமணர் வண்டியிலிருந்து எடுத்தது.

அல்சூர். வெள்ளி மாலை

சேமக்கூட்டில் மிக்க மகிழ்ச்சி, தம்பி. வகுப்புக்கு ஒருநாள் வருகிறேன், அந்தப் பாட்டைப் பையன்களுக்கு நானே சொல்கிறேன். வேகப்பிரிப்பிக்கு என் மறுப்பு அப்படியே நிற்கிறது. இரண்டாம் அச்சு எப்போது?