8 டிராக் ரெக்கார்டரில் தப்ஸ், ஆர்மோனியம், குரல்: எதை முதலில் பதிவது?

கீழக்கரை_அலை:
எல்லோருக்கும் ஸலாம், வணக்கம். கையில் இருப்பது பழைய 8 டிராக் (தனித்தனிப் பதிவுத் தடம்) ரெக்கார்டர். ஒரே நேரத்தில் 2 டிராக்தான் பதியலாம். டைனமிக் மைக் ஒன்று, கன்டென்சர் மைக் ஒன்று. பதிய வேண்டியது முதன்மைக் குரல், கோரஸ் இரண்டு குரல், ஆர்மோனியம், தப்ஸ் (கையால் தட்டும் ஒருபக்கத் தோல் வாத்தியம்) மூன்று. தனித்தனியாகப் பதிந்தால் ஒன்றில் இன்னொன்று லேசாகக் கேட்கிறது. குரலுக்குப் பின்னால் "உஸ்" என்று இரைச்சல். பாட்டு முடிந்து கார்டை கம்ப்யூட்டரில் போட்டால் முழுப் பாட்டாக எதுவும் இல்லை. எங்கே தவறு?

மண்டபம்_ஒலி:
தம்பி, இரைச்சலை முதலில் பார்ப்போம். இந்த மாதிரிக் கருவியில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க மூன்று இடம் உண்டு: மைக் நுழையும் இடத்தில் இன்புட் நாப், டிராக் வால்யூம், கடைசியாக மாஸ்டர். கார்டில் என்ன அளவில் பதியும் என்பதைத் தீர்மானிப்பது இன்புட் நாப் மட்டுமே. டிராக் வால்யூமைக் கூட்டினால் காதுக்குத்தான் பெரிதாகக் கேட்கும், பதிவு சின்னதாகவே இருக்கும். அந்தச் சின்னப் பதிவைப் பிறகு தூக்கும்போது இரைச்சலும் சேர்ந்து எழும்புகிறது.

பாட்டில் இருப்பதிலேயே உச்சமான வரியை முழுக் குரலில் பாடச் சொல்லி, மீட்டர் -12 டெசிபலைத் தொடும்படி நாபை வையுங்கள். எப்போதாவது -6 போனால் குற்றமில்லை. 0-ஐத் தொட்டால் அந்த இடம் உடைந்துவிடும், எதைச் செய்தும் மீளாது. மெனுவில் 24 பிட் இருந்தால் அதிலேயே பதியுங்கள், கொஞ்சம் குறைவாகப் பதிந்தாலும் தாங்கும். டைனமிக் மைக்குக்கு கன்டென்சரை விட நாபை நிறையத் திருப்ப வேண்டியிருக்கும், பயப்பட வேண்டாம். மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் கொண்டுவந்தாலே பாதி இரைச்சல் போய்விடும். பூத்தையல் வளையத்தில் பழைய நைலான் காலுறையை இழுத்துக் கட்டி நடுவில் வைத்தால் "ப" எழுத்து மைக்கில் அடிக்காது.

ஒன்றில் ஒன்று கேட்பதற்கு முதலில் ஒரு சோதனை. ரெக்கார்டரின் உடம்பிலேயே சின்ன மைக் இருக்கிறதா பாருங்கள். இன்புட் தேர்வு அதிலேயே நின்றுபோய், வெளி மைக் வேலையே செய்யாமல் இருக்கலாம். ரெக் ஆர்ம் செய்துவிட்டு (டிராக்கைப் பதிவுக்குத் தயாராக்கிவிட்டு) வெளி மைக்கின் வலையை நகத்தால் சுரண்டுங்கள், பிறகு ரெக்கார்டர் பெட்டியைச் சுரண்டுங்கள். பெட்டியைச் சுரண்டும்போது மீட்டர் குதித்தால் கதை அதுதான். அது சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் ஹெட்ஃபோன். காதை முழுக்க மூடும் வகை வேண்டும். மெட்ரோனோம் (வேகம் மாறாமல் தாளம் காட்டும் கருவி) சத்தம் திறந்த ஹெட்ஃபோனிலிருந்து கசிந்து, அமைதியான இடத்தில் "டிக் டிக்" என்று காட்டிக்கொடுக்கும். பதியும்போது ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிடுங்கள்.

தேவிபட்டினம்77:
வரிசை பற்றி. நிறையப் பேர் ஆர்மோனியத்தை மெட்ரோனோம் இல்லாமல் பதிந்துவிட்டு, அதன் மேல் தப்ஸ் அடிக்கப் பார்ப்பார்கள். ஆர்மோனியம் வேகம் மாறி ஓடினால் தப்ஸும் ஓடும், மூன்று தப்ஸும் மூன்று விதமாக ஓடும். முதல் டிராக்கில் மெட்ரோனோமோடு வழிகாட்டிப் பதிவு ஒன்று: குரலும் ஆர்மோனியமும் சும்மா. கடைசியில் அழித்துவிடலாம். தொகையறா மாதிரி தாளம் இல்லாத பகுதிக்கு மட்டும் மெட்ரோனோமை நிறுத்திவிடுங்கள். அந்தப் பகுதியைத் தனிப் பாட்டாகப் பதிவதே நல்லது.

பிறகு தப்ஸ் மூன்றையும் 2, 3, 4-இல் ஒவ்வொன்றாக. தோலுக்கு நேரே மைக்கை வைக்காதீர்கள், இரண்டடி தள்ளி, விளிம்பைப் பார்த்த மாதிரி சாய்த்து. அடியின் உச்சம் குரலை விட மிக வேகமாக ஏறும், அதனால் நாபை நன்றாகக் குறைத்து, மீட்டர் -10-ஐத் தாண்டாமல் பாருங்கள். மூன்றும் முடிந்ததும் அவற்றை இடம், நடு, வலம் என்று பரப்பி, 7, 8-க்கு பௌன்ஸ் செய்யுங்கள் (மூன்றையும் கலந்து அந்த இரண்டு டிராக்கில் மறுபதிவு). இப்போது 2, 3, 4 காலி. ஆர்மோனியம் 2-இல், முதன்மைக் குரல் 3-இல், அதையே இன்னொரு முறை பாடி 4-இல், கோரஸ் 5, 6-இல்.

பௌன்ஸ் செய்யும் முன் பாட்டை முழுதாக நகல் எடுத்துவிடுங்கள், தயவுசெய்து. பௌன்ஸ் ஆனபின் மூன்றாவது தப்ஸ் மட்டும் சத்தமாக இருக்கிறதே என்று நினைத்தால் பிரிக்க வழியில்லை. அந்த நேரத்தில் எதிரொலியும் போடாதீர்கள், கடைசி மிக்ஸில் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போட்டால்தான் ஒரே அறையில் பாடியது போல இருக்கும். இடம் பற்றிக் கவலை வேண்டாம்: 44.1 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஒரு டிராக் நிமிடத்துக்கு 8 எம்பி. எட்டு டிராக்கும் நிறைந்த ஐந்து நிமிடப் பாட்டு 320 எம்பி. நகலோடு சேர்த்து 640.

ஆர்மோனியத்துக்கு மைக்கைக் கட்டைகளுக்கு மேலே ஒன்றரை அடி உயரத்தில், துருத்திக்கு எதிர்ப்பக்கமாக வையுங்கள். துருத்தியின் மூச்சும் "டக்" சத்தமும் குறையும். பழைய ஆர்மோனியத்தின் சுருதி 440 ஹெர்ட்ஸில் (கீபோர்டுகளின் வழக்கமான சுருதி அளவு) நிற்பது அரிது. பின்னால் கீபோர்டு சேர்ப்பதாக இருந்தால் கீபோர்டின் டியூனிங்கை ஆர்மோனியத்துக்கு ஏற்ப மாற்றுங்கள், தலைகீழாக முயல வேண்டாம்.

பாம்பன்_காற்று:
முழுப் பாட்டு கார்டில் இல்லாததற்குக் காரணம், நீங்கள் மாஸ்டர் செய்யவில்லை. கார்டில் இருப்பவை துண்டு டிராக்குகள். அவை ஒன்றாகி ஸ்டீரியோ வேவ் ஆவது மாஸ்டரிங் படியில்தான். டாஸ்காம் டிபி-008 வகை ரெக்கார்டரில் இன், அவுட் என்று இரண்டு புள்ளிகள் குறித்தால் அந்த இடைவெளி மட்டும் மாஸ்டராகும். அவுட் புள்ளியைக் கடைசி சுரம் நின்ற இடத்திலேயே வைத்தால் எதிரொலியின் வால் வெட்டுப்படும். ஐந்து விநாடி தள்ளி வையுங்கள். மாஸ்டர் மீட்டரும் 0-ஐத் தொடக்கூடாது.

தவறாகப் பாடிய ஒரு சொல்லைத் திருத்த பஞ்ச் இன் (அந்த இடத்தை மட்டும் மறுபடி பதிவது) இருக்கிறது. நுழையும் இடத்தை வல்லினம் இரட்டிக்கும் இடமாகத் தேர்ந்தெடுங்கள். "கடலைப் பார்த்து" என்று பாடும்போது "ப்பா"-வுக்குள் உதடு மூடி ஒரு கணம் சத்தமே இருக்காது. அந்த மௌனத்தில் வெட்டினால் யாருக்கும் தெரியாது. "மா", "நா" என்று இழுத்துக்கொண்டிருக்கும் இடத்தில் நுழைந்தால் கட்டாயம் "டக்" என்று கேட்கும். நான்கு வரி முன்னாலிருந்து ஓடவிட்டு, கூடவே பாடிக்கொண்டே வந்து நுழைய வேண்டும். சும்மா காத்திருந்து பாடினால் மூச்சு மாறி குரலின் நிறம் வேறாகிவிடும்.

கீழக்கரை_அலை:
சுரண்டிப் பார்த்தேன் காக்காமாரே (அண்ணன்மாரே), பெட்டி மைக்தான் ஓடிக்கொண்டிருந்தது! இன்னொன்று: சில நாள் கன்டென்சர் மைக்கில் "பட் பட்" என்று வெடிக்கிறது. சில நேரம் "ம்ம்ம்" என்ற உறுமல். தடுப்புக்கு அறையில் மீன்வலை தொங்கவிட்டிருக்கிறேன், சரியா?

மண்டபம்_ஒலி:
வலை ஒலியை உறிஞ்சாது தம்பி, ஓட்டை வழியே போய்விடும். இலவம்பஞ்சு மெத்தை இரண்டைப் பாடுபவரின் பின்னாலும் ஒரு பக்கமும் நிறுத்துங்கள்.

வெடிப்பு, ஈரத்தால் வருவது. கன்டென்சரின் மெல்லிய தகட்டில் நிற்கும் மின்னூட்டம் ஈரம் வழியாகக் கசியும்போது அப்படிக் கேட்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். பதியும் நாளில் அரை மணி முன்பே இணைத்து ஃபேன்டம் (ரெக்கார்டரிலிருந்து கன்டென்சர் மைக்குக்குப் போகும் மின்சாரம்) போட்டுவிடுங்கள். வாடைக் காலத்தில் டைனமிக் மைக்கே நிம்மதி. ஜாக்கில் உப்புப் பச்சை படிந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைக்கவும், தேங்காய் எண்ணெய் வேண்டாம்.

உறுமலுக்கு: அடாப்டரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நின்றால் கரண்ட் வழியாக வந்தது, அப்படியே பேட்டரியிலேயே பதியலாம். நிற்காவிட்டால் கேபிளும் அக்கம்பக்கத்து மோட்டாரும்தான். ஃபேன்டம் போட்டால் பேட்டரி சீக்கிரம் இறங்கும், மறக்க வேண்டாம். பதிவு ஓடும்போது கரண்ட் போனால் ஸ்டாப் அழுத்தாததால் அந்த டேக் (அந்த முறை பதிந்தது) போய்விடலாம், அந்தக் காரணத்துக்கும் பேட்டரியே மேல்.

தேவிபட்டினம்77:
கடற்கரை ஓரம் என்றால் விசைப்படகு எஞ்சின் உறுமலும் குரலுக்கு அடியில் படியும். மைக்கில் 80 ஹெர்ட்ஸ் லோ கட் (அடி ஒலியைக் குறைக்கும்) சுவிட்ச் இருந்தால் போடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு ஓடாது, நாட்டுப்படகு மட்டும்தான். ஆனால் கச்சான் காற்று வலுத்தால் பனையோலை உரசல் அதை ஈடுகட்டிவிடும், ஜன்னலை அடைத்துவிட்டு ஃபேனை நிறுத்தி ஒவ்வொரு டேக்காக எடுங்கள்.