ஹலசூர் ஏரிக்கரையில் ஆசிரியர்களோடு

பெங்களூரில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு நகர்ச் சூழலியல் பயிற்சி நடத்தும் குழுவில் நானும் ஒருத்தி. வருகிறவர்களில் ஹலசூர், ஸ்ரீராம்புரம் பக்கத்துத் தமிழர்களும் நிறைய. வந்ததும் கேட்பது ஒன்றுதான்: "மிஸ், எந்த ஆப் இறக்கணும்?"

ஆப் அப்புறம். முதலில் ஏரிக்கரை. ஹலசூர் ஏரி நிரம்பினால் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்போம். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் சட்டென்று பதில் வராது. பிறகு வகுப்பறையில் கூகுள் எர்த்தைத் திரையில் போட்டு, ராஜகாலுவேயை, அதாவது ஏரிகளை இணைக்கும் மழைநீர்க் கால்வாயைப் பிடித்துக்கொண்டே போவோம். சில இடங்களில் அது கட்டடங்களுக்கு நடுவே காணாமல் போகும். தேடிப் பிடிக்க வேண்டும். பெல்லந்தூர் ஏரி, வர்த்தூர் ஏரி, அப்புறம் தென்பெண்ணை ஆறு. ஓசூரில் கெலவரப்பள்ளி அணை, கீழே சாத்தனூர் அணை, கடைசியில் கடலூர் பக்கம் கடல்.

ஒருமுறை திருவண்ணாமலைக்காரரான சமூக அறிவியல் ஆசிரியர் எழுந்து திரைக்குப் பக்கத்திலேயே போய் நின்றுவிட்டார். "எங்க நிலத்துக்குப் பாயறது சாத்தனூர்த் தண்ணிதான் மிஸ்." 2017 பிப்ரவரியில் பெல்லந்தூர் ஏரி தீப்பிடித்ததைச் செய்தியில் பார்த்திருந்தார். அது தன் ஊர் ஆற்றுக்கு மேலே இருக்கும் ஏரி என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. இதை அவர் பாடமாக நடத்தினால் எந்தப் பிள்ளை தூங்கும்?

படத்தைப் பார்த்துச் செடி, மரம், பூச்சி எதுவென்று சொல்லும் ஐநேச்சுரலிஸ்ட் ஆப்பை அதன்பிறகுதான் திறப்போம். தூங்குமூஞ்சி மரத்தைப் படமெடுத்தால் நொடியில் பெயர் வந்துவிடும். "பேர் தெரிஞ்சிடுச்சே, பாடம் முடிஞ்சுதா?" என்று கேட்டார் ஒரு கணித ஆசிரியை. மிக நல்ல கேள்வி. அதற்காகவே சீசன்வாட்ச் திட்டத்தைக் காட்டுகிறோம். ஒரே மரத்தை வாராவாரம் பார்த்து, இலை, பூ, காய் இருக்கிறதா, கொஞ்சமா, நிறையவா என்று குறிப்பது. தெருவோரத்து டபேபுயா மரம் இந்த வருஷம் எந்த வாரம் பூத்தது, போன வருஷம் எப்போது என்று பிள்ளைகளே வரைபடம் போடலாம். அந்த ஆசிரியை அதைப் புள்ளியியல் பாடத்தோடு சேர்த்துக்கொண்டார். எனக்கு அதில் பெரிய சந்தோஷம்.

பயிற்சிக்குப் போய்வந்த ஆசிரியர் ஒருவர் சொல்வது:

இந்த மாதிரிப் பயிற்சி முடித்துப் போனவன் நான். எங்கள் பள்ளியில் புரொஜெக்டர் உண்டு, நெட் நம்ப முடியாது. அதனால் ஏரிப் படங்களை முந்தின ராத்திரியே வீட்டில் இறக்கி வைத்துக்கொள்வேன்.

பிப்ரவரியில் நடக்கும் வளாகப் பறவைக் கணக்கெடுப்புக்குப் பதினைந்து நிமிஷம் நின்று எண்ணினால் போதும். பிள்ளைகள் கையில் பேப்பரும் பென்சிலும், என் கையில் மட்டும் போன். பருந்து, நீர்க்காகம், குருட்டுக்கொக்கு என்று அவர்கள் சொல்லச் சொல்ல, பறவைப் பதிவுக்கான இபேர்ட் ஆப்பில் ஏற்றினேன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: பிள்ளைகள் பெயரில் கணக்குத் திறக்காதீர்கள். ஆப் இருப்பிடத்தையும் சேர்த்தே பதிவு செய்யும். ஆசிரியர் கணக்கு ஒன்று இருந்தால் போதும். பிள்ளைகள் வீட்டு வாசலில் எடுத்த படங்களை ஐநேச்சுரலிஸ்டில் ஏற்றினால் இடத்தை மறைத்துப் போடுங்கள்.