பெர்ல் மாட்யூலைத் தொகுக்கும்போது ஜிசிசி ஏதோ மொழி தெரியவில்லை என்கிறது – உதவி தேவை (அவசரம்)

வடக்குவாசல்:
வணக்கம். எக்ஸ்எம்எல் பார்சர் என்னும் பெர்ல் மாட்யூலை நிறுவ வேண்டியுள்ளது. மேக் என்ற தொகுப்புக் கட்டளையைக் கொடுத்தவுடன், சி நிரலைத் தொகுக்கும் ஜிசிசி என்ற கம்பைலரிடமிருந்து “ஜிசிசி: லாங்குவேஜ் ஐஎல்டிஆஃப் நாட் ரெகக்னைஸ்டு” என்று வந்து நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே, எக்ஸ்பாட்.சி என்ற கோப்பு லிங்கருக்கு (தொகுத்த கோப்புகளை இணைக்கும் நிரலுக்கு) உரியது, லிங்க் செய்யாததால் அது பயன்படவில்லை என்ற பொருளில் இன்னொரு வரியும் உள்ளது. இதே இயந்திரத்தில், இந்த மாட்யூலுக்குத் தேவையான எக்ஸ்பாட் நூலகத்தைச் சற்று முன்புதான் எந்தச் சிக்கலும் இல்லாமல் தொகுத்தேன். ஆகவே ஜிசிசியில் குறை இருக்க வாய்ப்பில்லை. தெரிந்தவர்கள் விரைந்து உதவுங்கள்.

திண்ணை:
எந்த யூனிக்ஸ், எந்தப் பதிப்பு? பெர்ல் இயங்குதளத்தோடு வந்ததா, நீங்களே நிறுவியதா? மேக் என்று மட்டும்தான் கொடுத்தீர்களா, கூடவே வேறு ஏதேனும் சேர்த்தீர்களா? இவை தெரியாமல் எதைச் சொன்னாலும் அது ஊகமாகவே இருக்கும்.

ஜிமேக்_பக்தன்:
ஐஎல்டிஆஃப் என்ற பெயரைப் பார்த்தாலே தெரிகிறது, இது சோலாரிஸோடு (சன் நிறுவனத்தின் யூனிக்ஸ்) வரும் மேக் செய்யும் வேலை. ஜிமேக் (குனு மேக்) நிறுவி அதைக் கொண்டு தொகுத்துப் பாருங்கள். எனக்கு இதுவரை வந்த சிக்கல்களில் பாதி அதிலேயே தீர்ந்துவிட்டன.

மேலைக்காற்று:
ஜிசிசி பழையதாக இருக்கும். புதிய பதிப்பை நிறுவினால், பிழையில் வரும் அந்த ஃபிளாக்கை (கட்டளையோடு கொடுக்கும் விருப்பக்குறி) அது புரிந்துகொள்ளும்.

மூத்த_முனையம்:
புரிந்துகொள்ளாது ஐயா. அது ஜிசிசியின் ஃபிளாக்கே அன்று. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கேட்டவர் பிழையின் கடைசி இரண்டு வரிகளை மட்டும் ஒட்டியிருக்கிறார். அதற்கு முன்னால் மேக் அச்சிட்ட நீண்ட கட்டளை வரியில்தான் விடை இருக்கிறது. அதைப் படிக்கும் பொறுமைகூட இல்லாதவர்கள் மூல நிரலிலிருந்து தொகுக்க வருவதை நெடுங்காலமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வடக்குவாசல்:
சோலாரிஸ் 10, ஸ்பார்க் செயலி. பெர்ல் அதோடு வந்த 5.8.4. சிசி என்ற கட்டளையைக் கொடுத்தால், மொழிக்கான விருப்ப மென்பொருள் நிறுவப்படவில்லை என்று வந்தது; அதனால் மேக் கட்டளையிலேயே சிசி என்பதற்கு ஜிசிசி என மதிப்புக் கொடுத்தேன். கட்டளை வரியில் “-எக்ஸ்ஓ3 -எக்ஸ்ஸ்பேஸ் -எக்ஸ்ஐஎல்டிஆஃப் -கேபிஐசி” என்று உள்ளது. இவற்றில் எதையும் நான் சேர்க்கவில்லை.

திண்ணை:
இப்போது தெளிவாகிவிட்டது. பெர்ல் தன்னை எந்தக் கம்பைலரால், எந்த ஃபிளாக்குகளோடு தொகுத்தார்கள் என்பதைக் கான்ஃபிக்.பிஎம் கோப்பில் குறித்து வைத்திருக்கிறது. சி நிரல் கொண்ட மாட்யூல் ஒன்றைத் தொகுக்கும்போது அந்த ஃபிளாக்குகளையே மேக்ஃபைலில் (மேக் பின்பற்றும் குறிப்புக் கோப்பு) எழுதித் தருகிறது. சோலாரிஸோடு வரும் பெர்லைச் சன் நிறுவனம் தன் சொந்த ஸ்டூடியோ கம்பைலரால் தொகுத்தது. எனவே நீங்கள் கம்பைலரின் பெயரை மட்டும் மாற்றினீர்கள். ஃபிளாக்குகள் ஸ்டூடியோவினுடையவையாகவே நின்றுவிட்டன.

சன் கம்பைலருக்கு -எக்ஸ்ஐஎல்டிஆஃப் என்றால் படிப்படியாக லிங்க் செய்யும் லிங்கரை நிறுத்து என்று பொருள். ஜிசிசியிலோ -எக்ஸ் என்பதையடுத்து வருவது மூல நிரலின் மொழிப் பெயர். ஆகவே அது ‘ஐஎல்டிஆஃப்’ என்றொரு மொழியைத் தேடுகிறது; அப்படியொன்று இல்லாததால் உங்கள் சி கோப்பையே லிங்கருக்கான கோப்பு என எண்ணி ஒதுக்கிவிடுகிறது. எக்ஸ்பாட் சிக்கலின்றித் தொகுந்ததற்குக் காரணம், அதன் கான்ஃபிகர் நிரல் ஜிசிசியைத் தானே கண்டறிந்து அதற்கேற்ற ஃபிளாக்குகளைத் தேர்ந்துகொண்டதுதான்.

தீர்வு எளிது. சோலாரிஸ் 10-இல், ஜிசிசிக்கேற்ற ஃபிளாக்குகளைத் தரும் பெர்ல்ஜிசிசி என்ற கட்டளை உடன் வருகிறது, /யுஎஸ்ஆர்/பெர்ல்5/5.8.4/பின் அடைவில் இருக்கும். ஜிசிசி இருக்கும் /யுஎஸ்ஆர்/எஸ்எஃப்டபிள்யூ/பின் அடைவைப் பாத்தில் (கட்டளைகளைத் தேடும் அடைவுப் பட்டியல்) சேர்த்துவிட்டு, பெர்ல் என்பதற்குப் பதிலாகப் பெர்ல்ஜிசிசியைக் கொண்டு மேக்ஃபைல்.பிஎல் கோப்பை இயக்குங்கள். பிறகு வெறும் மேக் போதும்.

மேலைக்காற்று:
எதற்கு இவ்வளவு சுற்று? மேக்ஃபைலைத் திறந்து -கேபிஐசி இருக்கும் இடத்தில் அதற்கு ஜிசிசியில் இணையான -எஃப்பிஐசி எழுதிவிட்டு, -எக்ஸ் என்று தொடங்கும் எல்லாவற்றையும் அழித்துவிட்டால் முடிந்தது.

மூத்த_முனையம்:
அடுத்த மாட்யூலுக்கும், அதற்கடுத்ததற்கும் அதையே செய்துகொண்டிருங்கள். முறையாகச் செய்பவர் ஸ்டூடியோவையே நிறுவுவார். அது பதிப்பு 11 முதல் இலவசமாகக் கிடைத்தது. ஒரு கம்பைலரால் ஆன பெர்லுக்குள் இன்னொரு கம்பைலரால் ஆன நூலகத்தை ஏற்றுவது நல்ல பழக்கமன்று.

திண்ணை:
அதில் உடன்பாடில்லை. சி மொழியைப் பொறுத்தவரை செயற்கூறுகள் ஒன்றையொன்று அழைக்கும் முறையை அந்தத் தளமே வரையறுத்திருக்கிறது; இரண்டு கம்பைலர்களும் அதைப் பின்பற்றுகின்றன. சி++ என்றால் நீங்கள் சொல்வது சரி, அங்கே குறியீட்டுப் பெயர்களை அமைக்கும் விதமே வேறுபடும். எக்ஸ்எம்எல் பார்சரில் சி++ இல்லை.

நடுவண்:
பைத்தானிலும் இதே கூத்து நடந்தது. 2014-இல் ஆப்பிளின் நிரலாக்கக் கருவித்தொகுப்பான எக்ஸ்கோடு 5.1 வந்தபோது, ஆப்பிள் மேக் கணினியோடு வந்த பைத்தான் தான் நினைவில் வைத்திருந்த பழைய ஃபிளாக் ஒன்றை அதன் கம்பைலரான கிளாங்குக்குக் கொடுக்க, கிளாங் அதைப் பிழை என்று மறுத்துவிட்டது. இயங்குதளத்தின் பெர்லையும் பைத்தானையும் தொடாமல், தனக்கென ஒன்றை /ஆப்ட்-இல் தொகுத்துக்கொள்வதே நிம்மதி.

மூத்த_முனையம்:
அவர் கேட்டது ஒரு மாட்யூல். நீங்கள் ஊரையே புதிதாகக் கட்டச் சொல்கிறீர்கள்.

வடக்குவாசல்:
பெர்ல்ஜிசிசி வேலை செய்தது, அந்தப் பிழை போய்விட்டது. இப்போது லிங்க் செய்யும் கட்டத்தில், லிப்எக்ஸ்பாட் கோப்பைக் காட்டி “ராங் எல்ஃப் கிளாஸ்: எல்ஃப்கிளாஸ்64” என்கிறது.

திண்ணை:
எக்ஸ்பாட்டைத் தொகுக்கும்போது -எம்64 (64 பிட்டாகத் தொகுக்கச் சொல்லும் ஃபிளாக்) கொடுத்தீர்கள் என்று நினைக்கிறேன்; அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். சோலாரிஸ் 10-இன் பெர்ல் 32 பிட் நிரல். 64 பிட் நூலகத்தை அதற்குள் இணைக்க இயலாது. கோப்பின் வகையைச் சொல்லும் ஃபைல் கட்டளையைப் பெர்லின் மீதும் லிப்எக்ஸ்பாட்டின் மீதும் இயக்கிப் பார்த்தால் வேறுபாடு உடனே தெரியும். எக்ஸ்பாட்டின் அடைவில் மேக் டிஸ்ட்கிளீன் (பழைய தொகுப்பைத் துடைக்கும் கட்டளை) கொடுத்து, சிஃபிளாக்ஸ் மாறியில் -எம்64 எஞ்சவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, கான்ஃபிகரிலிருந்து தொடங்குங்கள். பழைய ஆப்ஜெக்ட் கோப்புகள் கிடந்தால் மேக் அவற்றையே எடுத்துக்கொள்ளும்.

வடக்குவாசல்:
32 பிட்டில் தொகுத்தேன், மேக் டெஸ்ட் முழுவதும் தேறியது. நன்றி.

ஜிமேக்_பக்தன்:
ஜிமேக் கொண்டுதானே தொகுத்தீர்கள்?